கையிலிருந்து பாய்வது எது? ஆற்றல்வழிச் சிகிச்சையை அறிவியல் விளக்க முடியுமா

ஒரு கேள்விக்குள் இரண்டு

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் ரெய்கி, பிராணிக் ஹீலிங் மையங்கள் இன்று பரவலாக இயங்குகின்றன. நோயாளி நாற்காலியில் அமர்கிறார். ஹீலர் அவரைத் தொடாமல், உடலிலிருந்து சில அங்குலத் தொலைவில் உள்ளங்கையை மேலிருந்து கீழாக நகர்த்துகிறார். உடலைச் சூழ்ந்திருப்பதாக அவர் சொல்லும் ‘ஆரா’ என்ற ஆற்றல்புலத்தில் எங்கே அடைப்பு என்று கைக்குத் தெரியும் என்கிறார். தேங்கிய ஆற்றலை வழித்தெடுத்து உப்புநீர்ப் பாத்திரத்தில் உதறுகிறார். பிறகு புதிய பிராணனைச் செலுத்துகிறார். எழுந்து செல்வோரில் பலர் உடம்பு இலேசானதாகவும், வலி குறைந்ததாகவும், அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகவும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நம்பாதிருக்க எந்தக் காரணமும் இல்லை.

இதை அறிவியல் விளக்க முடியுமா என்று கேட்கும்போது இரண்டு தனித்தனிக் கேள்விகளை நாம் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். ஹீலரின் கையிலிருந்து நோயாளியின் உடலுக்கு ஏதேனும் பாய்கிறதா என்பது ஒன்று. நோயாளிக்கு நலம் தெரிவது ஏன் என்பது மற்றொன்று. நம்பிக்கையாளர்கள் இரண்டாவதில் கிடைத்த அனுபவத்தை முதலாவதற்குச் சான்றாக வைக்கிறார்கள். பகுத்தறிவு பேசுவோரில் சிலர், முதலாவது பொய் என்பதால் இரண்டாவதும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். எதுவும் பாய்வதில்லை என்று சொல்லப் போதிய சான்று இருக்கிறது. நலம் தெரிவதற்கோ கணிசமான அறிவியல் விளக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த விளக்கம் நம் மருத்துவமனைகளைப் பற்றியும் சங்கடமான ஒன்றைச் சொல்கிறது.

பாரிஸிலிருந்து அடையாறு வழியாக

இந்தக் கேள்வி முறையாக ஆராயப்பட்டு இருநூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பிரான்ஸ் அன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர் 1778இல் வியன்னாவிலிருந்து பாரிஸ் வந்தார். உயிர்கள் அனைத்திலும் ஒரு நுண்பாய்மம் ஓடுகிறது, அது தடைபடுவதே நோய், கையசைவால் தடையை நீக்கலாம் என்பது அவர் கொள்கை. அதை உயிர்க்காந்தம் என்று அழைத்தார். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை பேசும் ஜீவகாந்தத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கருத்து அந்நியமாகத் தோன்றாது.

1784இல் பதினாறாம் லூயி மன்னர் இதை விசாரிக்கக் குழு அமைத்தார். அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியலாளர் லவுவாசியே, வானியலாளர் பெய்லி, மருத்துவர் கியோத்தன் முதலியோர் அதில் இருந்தனர். மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்ததால் அவருடைய சீடர் தெலோன் சோதனைகளில் பங்கேற்றார். பிராங்க்ளின் தங்கியிருந்த பாஸி தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குத் தெலோன் காந்தமேற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, காந்தமேற்றாத வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றார்கள். மரத்துக்கு மரம் அவனுக்கு அறிகுறிகள் கூடின. நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். லவுவாசியேயின் வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சாதாரணக் கோப்பைகளை வரிசையாகக் கொடுத்தபோது வலிப்பு வந்தது. காந்தமேற்றிய கோப்பையில் தண்ணீர் கொடுத்தபோது அமைதியாகக் குடித்தார். கற்பனை இருந்தால் காந்தம் இல்லாமலே விளைவு வருகிறது, கற்பனை இல்லாவிட்டால் காந்தத்தால் ஒரு விளைவும் இல்லை என்று குழு முடிவு சொன்னது. நோயாளிக்குத் தெரியாமல் சிகிச்சையைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்க்கும் முறை மருத்துவ ஆய்வில் வேரூன்றிய தருணங்களில் இது முதன்மையானது. இன்று புதிய மருந்துகள் பெரும்பாலும் கடந்தாக வேண்டிய சோதனை, ஆற்றல்வழிச் சிகிச்சையை விசாரிக்கையில் உருப்பெற்றது என்பது பலர் கவனிக்காத செய்தி.

தெலோன் தோற்றுப்போனவராகப் பேசவில்லை. கற்பனையே குணப்படுத்துமானால் கற்பனையையே மருந்தாக ஏன் கையாளக்கூடாது என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் குழு முகம்கொடுக்கவில்லை. அதன் அறிக்கையில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்.

பாய்மம் பொய் என்று நிறுவப்பட்ட பிறகும் கையசைப்பு நிற்கவில்லை. 1845 முதல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், இந்திய உதவியாளர்களைக் கொண்டு நோயாளிகள்மேல் நெடுநேரம் கையசைக்கச் செய்து, மயக்கநிலையில் பெரிய கட்டிகளை அகற்றினார். அதே காலத்தில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்டு, கையசைப்பே இல்லாமல் ஒளிரும் பொருளொன்றை உற்றுநோக்கச் செய்தாலே அந்த நிலை வருவதைக் கண்டு, பாய்மத்தைக் கைவிட்டு ஹிப்னாடிசம் என்ற துறையைத் தொடங்கிவைத்தார். நிகழ்வு உண்மை, சொல்லப்பட்ட காரணம் பொய் என்ற பாகுபாடு அப்போதே தெளிவாகிவிட்டது.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. பிரம்மஞான சபையின் நிறுவனர்களில் ஒருவரான ஹென்றி ஆல்காட் 1882இல் இலங்கையின் காலி நகரில் பக்கவாத நோயாளி ஒருவருக்கு மெஸ்மர் முறையில் கையசைத்துச் சிகிச்சை தரத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு வங்காளத்தில் கூட்டங்கூட்டமாக வந்தவர்களுக்கும் அதைச் செய்தார். 1882இன் இறுதியில் சபையின் தலைமையகம் அடையாறுக்கு வந்தது. அங்கே மெஸ்மரின் பாய்மமும் இந்திய யோக மரபின் பிராணனும் சக்கரங்களும் ஒரே கோட்பாட்டில் இணைக்கப்பட்டன. சபையின் முக்கிய எழுத்தாளரான லெட்பீட்டர் ஆரா, சக்கரம் பற்றி வண்ணப்படங்களுடன் எழுதிய நூல்கள் உலகெங்கும் பரவின. அவரிடம் இளம்வயதில் பயின்ற டோரா குன்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகச் செவிலியர் கல்விப் பேராசிரியை டொலோரஸ் கிரீகருடன் சேர்ந்து 1972இல் ‘தெரபியூட்டிக் டச்’ முறையை உருவாக்கினார். அமெரிக்க மருத்துவமனைகளுக்குள் ஆற்றல்வழிச் சிகிச்சை நுழைந்த முக்கிய வழிகளுள் இது ஒன்று.

ரெய்கியின் வழி வேறு. ஜப்பானில் மிகாவோ உசுயி 1922இல் அதைத் தொடங்கினார். ஹவாயைச் சேர்ந்த ஹவாயோ தகாதா மேலைநாடுகளுக்குக் கொண்டுசென்றார். பிராணிக் ஹீலிங்கை வகுத்த சோவா கொக் சுயி பிலிப்பைன்ஸைச் சேர்ந்த வேதிப்பொறியாளர். அவருடைய முதல் நூல் 1987இல் வந்தது.

இவற்றை ஐயாயிரம் ஆண்டு அறிவு என்று விளம்பரம் செய்வது வரலாற்றோடு பொருந்தவில்லை. திருமந்திரம் பேசும் பிராணாயாமம் தன் மூச்சைத் தானே நெறிப்படுத்தும் சாதனை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் உடலுக்குக் கட்டணத்துக்குச் செலுத்தும் சிகிச்சை அன்று. ஒரு முறை புதியது என்பதால் பொய்யாகிவிடாது. பழையது என்பதால் மெய்யாகிவிடாது. ஆனாலும் பழமையைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அந்தப் பழமையை நிறுவ வேண்டும்.

கருவிகள் சொல்வது

நம் ஊர்களில் மந்திரித்துத் திருநீறு பூசுவோரும் பார்வை கழிப்போரும் தங்கள் செயலுக்கு அறிவியலின் சான்றிதழைக் கேட்டதில்லை. ஆற்றல்வழிச் சிகிச்சை கேட்கிறது. காந்தப்புலம், அதிர்வெண், குவாண்டம் என்ற இயற்பியலின் மொழியில் பேசுகிறது. 1992இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு ஒன்று ‘பயோஃபீல்டு’ என்ற பெயரையும் வழங்கியது. எனவே இயற்பியலின் அளவுகோலை வைத்துப் பார்ப்பது நியாயமே.

மனித உடலில் மின்னோட்டமும் காந்தப்புலமும் இருப்பது உண்மை. இசிஜியும் இஇஜியும் பதிவது உடலின் மின்செயல்பாட்டைத்தான். உடலின் காந்தப்புலங்களில் வலுவானது இதயத்தினுடையது. மார்பருகே அதன் அளவு புவியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளையினுடையது அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நுண்மையானது. இவ்வளவு நுண்ணிய புலத்தையும் ஸ்க்விட் என்னும் கருவி, புறக்காந்தம் புகாத அறையில் பதிவு செய்துவிடுகிறது. அந்நிலையில், அடுத்தவர் உடலின் திசுக்களை மாற்றவல்ல ஒரு வலிய புலம் கையிலிருந்து வெளிப்பட்டால் அது கருவிக்குத் தப்ப முடியாது. ரெய்கிமேல் பரிவுகொண்ட ஆய்வாளர்களே 2013இல் இத்தகைய கருவியால் ரெய்கி செய்வோரின் கைகளையும் இதயத்தையும் அளந்தார்கள். சிகிச்சை செய்யும்போது குறிப்பிடத்தக்க காந்தப்புலம் எதுவும் எழவில்லை என்று அவர்களே வெளியிட்டார்கள். பாராட்டத்தக்க நேர்மை அது. எதிர்த்திசையிலும் யோசிக்கலாம். எம்ஆர்ஐ கருவிக்குள் நோயாளி கிடக்கும் புலம் 1.5 டெஸ்லா, புவியின் புலத்தைப் போல் சுமார் முப்பதாயிரம் மடங்கு. அதற்குள் அரைமணி நேரம் கிடந்ததால் எவருடைய நோயும் தீர்ந்ததில்லை.

ஆராவைப் படமெடுத்ததாகக் காட்டப்படும் கிர்லியன் படங்கள் உயர் மின்னழுத்தத்தில் பொருளைச் சுற்றிக் காற்று மின்னிறக்கம் அடைவதன் பதிவுகள். அவற்றின் வேறுபாடுகளுக்குப் பெரும் காரணம் ஈரப்பதம் என்று 1976இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. குவாண்டம் பிணைப்பைச் சொல்லித் தொலைதூரச் சிகிச்சையை நியாயப்படுத்துவதும் நிற்காது. அந்தப் பிணைப்பைக் கொண்டு செய்திகூட அனுப்ப முடியாது என்பது குவாண்டம் இயற்பியலின் சொந்த முடிவு.

ஹீலர்களும் நடிகர்களும்

கருவிக்குப் புலப்படாத ஒன்று பயிற்சி பெற்ற கைக்குப் புலப்படலாம் அல்லவா? இதைச் சோதித்தவர் எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி. ஒன்பது வயதில், பள்ளி அறிவியல் திட்டமாகத் தொடங்கினார். தெரபியூட்டிக் டச் செய்வோர் 21 பேர், அட்டைத் திரையில் உள்ள துளைகளின் வழியே இரு கைகளையும் நீட்டினர். எமிலி நாணயம் சுண்டி முடிவுசெய்து, அவற்றில் ஒன்றின்மேல் தன் கையைச் சில அங்குலம் உயர்த்திப் பிடிப்பார். எந்தக் கைக்கு அருகில் அவர் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 280 முயற்சிகளில் 123 மட்டும் சரி, 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தால் பாதி சரியாகியிருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இதை வெளியிட்டது.

இந்த ஆய்வின்மேல் குறைகள் சொல்லப்பட்டன. அது சிறியது, எமிலியின் தாயும் ஆய்வில் பங்கேற்றவர், அவர் இம்முறையை முன்பே எதிர்த்து வந்தவர், நோய் குணமாகிறதா என்பதை அது சோதிக்கவேயில்லை. நான்கும் உண்மை. ஆயினும் சோதிக்கப்பட்டது கட்டடத்தின் அடித்தளம். ஒரு கை அருகில் இருக்கிறதா என்பதே தெரியாதபோது, சிறுநீரகத்தருகே ஆற்றல் தேங்கியிருப்பது எப்படித் தெரியும்?

குணமாவதைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நாள்பட்ட உடல்வலி உள்ள 100 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், சிலருக்கு ரெய்கி ஆசான்களும், மற்றவர்களுக்கு ரெய்கி தெரிந்தவர்களைப் போல் பாவனை செய்த நடிகர்களும் எட்டு வாரம் சிகிச்சை தந்தனர். வலியில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. 2011இல் வெளியான இன்னொரு ஆய்வு கீமோதெரபி பெறும் 189 பேரிடம் நடந்தது. ரெய்கி பெற்றவர்களுக்கு ஆறுதலும் நலவுணர்வும் கூடின; போலி ரெய்கி பெற்றவர்களுக்கும் அதே அளவு கூடின; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்குக் கூடவில்லை. இந்த மூன்றாவது வரியை இருதரப்பாரும் ஊன்றிப் படிக்க வேண்டும். யாரோ ஒருவர் அருகில் அமர்ந்து கவனித்ததற்குப் பலன் இருந்தது. அந்த யாரோ ஒருவர் தீட்சை பெற்றவரா என்பதற்குப் பலன் இல்லை.

மறுபக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். வலிக்கான தொடுசிகிச்சைகள் பற்றிய 24 ஆய்வுகளை, 1153 பேரின் தரவுகளை, மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2008இல் தொகுத்தது. பத்துக்கான அளவுகோலில் வலி சராசரியாக 0.83 புள்ளி குறைந்ததாகக் கண்டது. ஆய்வாளர்கள் இதை மிதமான பயனாகக் கொண்டனர். நோயாளி தெளிவாக உணரத்தக்க மாற்றத்துக்கு இது போதாது. சிறிய, தரம் ஏறியிறங்கிய ஆய்வுகள் பல அதில் கலந்திருக்கின்றன. காயங்கள் விரைவாக ஆறுவதாகச் சொன்ன ஆய்வுகளின் நிலை இன்னும் மோசம். மூல ஆய்வுகளின் நம்பகத்தன்மையில் ஐயம் எழுந்ததால் அது பற்றிய காக்ரேன் மதிப்பாய்வே 2016இல் திரும்பப் பெறப்பட்டது.

நலம் தெரிவதன் காரணங்கள்

முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை போன்றவை ஏறியிறங்கும் தன்மையுடையவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஹீலரைத் தேடுகிறோம்; உச்சத்துக்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் இறக்கம் வரும். ஒரு பகுதி இவ்வளவே.

மறுபகுதி உடலுக்குள் உண்மையாகவே நடப்பது. 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கியவர்களிடம் ஆராய்ந்தனர். மருந்தில்லாத பிளசிபோவால் வலி குறைந்தவர்களுக்கு, ஓபியம் வகை மருந்துகளின் செயலை முறிக்கும் நலாக்சோன் கொடுத்தபோது வலி திரும்பியது. எதிர்பார்ப்பு மூளையில் எண்டார்பின்களைச் சுரக்கச் செய்கிறது என்பதற்கு அது முதல் வலுவான தடயம். பின்னர் இத்தாலியில் ஃபப்ரிசியோ பெனடெட்டி, நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரம்வழி செலுத்தும் வலிநிவாரணி, மருத்துவர் அருகில் நின்று சொல்லிச் செலுத்துவதைவிடக் குறைவாகவே வேலை செய்வதைக் காட்டினார். மருந்துக்கே மருத்துவர் துணை தேவைப்படுகிறது.

ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சுக் 2008இல் இந்தத் துணையை அளந்தார். எரிச்சல் குடல் நோயுள்ள 262 பேர் மூன்று பிரிவானார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 28 விழுக்காட்டினருக்குப் போதிய நிவாரணம் தெரிந்தது. பேச்சில்லாமல் போலி அக்குபங்சர் பெற்றவர்களில் 44. அதே போலி அக்குபங்சரைக் கனிவாகப் பேசிக் கேட்டறிந்த ஒருவரிடம் பெற்றவர்களில் 62. ஹீலரின் அறையில் நடப்பதற்கு இதைவிட நெருக்கமான அறிவியல் விளக்கத்தை நான் அறியேன். மங்கலான ஒளி, அவசரமில்லாத குரல், முழு கவனம், ஒருமணி நேரம்: இவை ஒவ்வொன்றும் வேலை செய்யும் பொருட்களே.

இவற்றின் எல்லையையும் அறிவியல் வரைந்திருக்கிறது. 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆஸ்துமா ஆய்வு அதற்கு எடுத்துக்காட்டு. நோயாளிகள் மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லா இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒன்றும் இல்லாமை ஆகிய நான்கையும் வெவ்வேறு நாட்களில் பெற்றனர். முதல் மூன்றிலும் அவர்கள் உணர்ந்த முன்னேற்றம் ஏறத்தாழ சமம்: 50, 45, 46 விழுக்காடு. ஒன்றும் இல்லாதபோது 21. நுரையீரலின் காற்றுவெளியேற்றத்தை அளந்தபோதோ மருந்துள்ள இன்ஹேலரில் 20 விழுக்காடு உயர்ந்தது. மற்ற மூன்றிலும் சுமார் 7 மட்டுமே. நோயாளிக்கு நலம் தெரிகிறது. மூச்சுக்குழாயோ இன்னும் சுருங்கியே இருக்கிறது. நலம் தெரிவதும் நோய் தணிவதும் ஒன்றே என்று நினைப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

மறுப்புகள் இரண்டு

“அறிவியல் இன்னும் அவ்வளவு வளரவில்லை, ஒருகாலத்தில் ரேடியோ அலையும் தெரியாமல்தானே இருந்தது” என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. செயல்முறை தெரியாததால் மருத்துவம் ஒன்றை மறுப்பதில்லை. ஆஸ்பிரின் 1899 முதல் விற்கப்படுகிறது; அது எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் கண்டறிந்தது 1971இல். அந்த எழுபது ஆண்டுகளும் மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள். ஆற்றல்வழிச் சிகிச்சை ஏற்கப்படாததற்குக் காரணம் விளக்கம் இல்லாதது அன்று. பாவனைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாததே.

இரண்டாவது மறுப்பு தெலோனுடையது: ஆறுதல் கிடைத்தால் போதாதா? வலிக்கும் பதற்றத்துக்கும் கீமோதெரபியின் சோர்வுக்கும் அது பெரும் கொடை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்குப் பொய் தேவைதானா? காப்சுக் 2010இல் 80 பேரில் ஒரு பிரிவினருக்கு, “இதில் மருந்து இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார். அவர்களில் 59 விழுக்காட்டினர் நிவாரணம் அடைந்தனர்; மாத்திரை பெறாதவர்களில் 35. சிறிய ஆய்வு என்றாலும் திசையைக் காட்டுகிறது. ஆராவையும் அழுக்கு ஆற்றலையும் பற்றிக் கதை சொல்லாமல், அமைதியாக உட்காருங்கள், உங்கள் பேச்சைக் கேட்கிறேன் என்று சொல்லியே பெரும்பகுதிப் பயனைத் தர முடியும் என்றே நான் கருதுகிறேன்.

எல்லை எங்கே

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சுமார் இரண்டு நிமிடம். ஹீலரிடம் போகிறவர்களை அறியாதவர்கள் என்று கடிவதற்கு முன் இந்த எண்ணை நினைக்க வேண்டும். வெளிநோயாளி வரிசையில் அரைநாள் நின்று இரண்டு நிமிடம் பெறுகிறவர், தன் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒருவரைத் தேடிப் போவது இயல்பு. செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுவதும், ஆலோசகர்களை நியமிப்பதும், புற்றுநோய்ப் பிரிவுகளில் வலித்தணிப்புச் சிகிச்சையை விரிவாக்குவதும் ஆற்றல்வழிச் சிகிச்சைக்கு அரசு அளிக்கக்கூடிய மிகச் சரியான பதில்கள்.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், புற்றுநோய், நீரிழிவு உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களை மாய முறைகளால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. அது உரிய கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். காரணம் வெறும் கொள்கை அன்று. பரவாத நிலையில் இருந்த மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயாளிகளில், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய 281 பேரை அமெரிக்க ஆய்வொன்று தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்டது. அவர்கள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைப் போல் 2.5 மடங்கு, மார்பகப் புற்றில் 5 மடங்குக்கும் மேல்.

உங்கள் வீட்டில் யாரேனும் ரெய்கிக்கோ பிராணிக் ஹீலிங்குக்கோ போக விரும்பினால் தடுக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். ஆனால் கட்டி தென்பட்டாலோ, எடை காரணமின்றிக் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் எழுதித் தந்த மருந்தை ஒரு வேளையும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொல்லும் ஹீலரிடம் மறுபடி போகவிடாதீர்கள்.